ஃபார்மட் அழுத்துறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்



முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். நான் எல்கேஜியிலிருந்து இங்கிலீஷ் மீடியம். தமிழில் டெக்னிக்கல் கட்டுரை எழுதுறது இதுதான் முதல் தடவை. பிழை இருந்தா பொறுத்துக்கோங்க. ஆனா விஷயத்தை மட்டும் கடைசி வரைக்கும் படிச்சிடுங்க. ஏன்னா இதை நான் நஷ்டப்பட்டுத்தான் கத்துக்கிட்டேன்.

செகண்ட் இயர் படிக்கும்போது ராமநவமிக்கு ஊருக்குப் போயிருந்தேன். எங்க ஊர் அரியலூர் பக்கத்துல கல்லங்குறிச்சி. கலியுக வரதராசப் பெருமாள் கோயில் ராமநவமித் திருவிழான்னா சுத்துப்பட்டு ஊர் ஜனமெல்லாம் வந்து சேரும். தேர் அன்னைக்கு எடுத்த வீடியோ ஒண்ணு சித்தப்பாகிட்ட இருந்தது. ஒரே ஃபைல், 7 ஜிபி. அதை எங்க வீட்டு 1 டிபி ஹார்ட் டிஸ்க்ல காப்பி பண்ணினேன். டிஸ்க்ல 700 ஜிபிக்கு மேல காலி இருக்கு. ஆனாலும் விண்டோஸ் சொல்லுது: இந்த ஃபைல் இந்த ஃபைல் சிஸ்டத்துக்கு ரொம்பப் பெருசாம்.

இன்ஜினியரிங் ஸ்டூடண்ட் ஆச்சே, விடுவோமா? நெட்ல தேடினேன். "ஒரே கமாண்ட், டேட்டா போகாது" என்று போட்டிருந்தது. அண்ணனோட பழைய லேப்டாப்ல டிஸ்க்கைச் சொருகி கமாண்டை அடிச்சேன். அந்த லேப்டாப்ல பேட்டரி செத்து ரொம்ப நாள் ஆச்சு, சார்ஜர் போட்டாத்தான் ஓடும். பாதியில கரண்ட் போச்சு.

திரும்ப ஆன் பண்ணினப்போ டிஸ்க்கைத் திறக்க முடியல. "இதைப் பயன்படுத்தணும்னா ஃபார்மட் பண்ணணும், பண்ணட்டுமா?" என்று ஒரு பெட்டி வந்து நின்னது.

அந்த டிஸ்க்குக்கு என்ன ஆச்சுன்னு பின்னாடி சொல்றேன். அன்னைக்கு நான் என்னென்ன செஞ்சிருக்கணும்ங்கிறது முதல்ல.

ஃபைல் சிஸ்டம்னா என்ன?

விஏஓ ஆபீஸை நினைச்சுக்கோங்க. நிலம் வெளியில கிடக்கு. எந்த சர்வே நம்பர் யாருடையது, எவ்வளவு பரப்பு என்கிற விவரம் எல்லாம் பதிவேட்டுல இருக்கு. ஒரே ஆளுக்கு மூணு இடத்துல துண்டு துண்டா நிலம் இருக்கலாம். அதையும் பதிவேட்டைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

ஹார்ட் டிஸ்க்கும் அப்படித்தான். உங்க போட்டோ, வீடியோ எல்லாம் நிலம் மாதிரி டிஸ்க்ல கிடக்கு. எந்த ஃபைல் எங்க ஆரம்பிக்குது, எந்தெந்தத் துண்டுகளா இருக்கு, மொத்த அளவு என்ன என்று எழுதி வைக்கிற பதிவேட்டு முறைக்குப் பேர்தான் ஃபைல் சிஸ்டம். ஃபேட்32, என்டிஎஃப்எஸ், எக்ஸ்ஃபேட், லினக்ஸில் இஎக்ஸ்டி4 என்று பல முறைகள் இருக்கு.

குயிக் ஃபார்மட் பண்ணும்போது நிலத்தை யாரும் தொடறது இல்ல. பழைய பதிவேட்டை ஓரங்கட்டிட்டு, "எல்லாம் புறம்போக்கு" என்று புதுசா ஒண்ணைத் திறக்கிறாங்க, அவ்வளவுதான். அதனாலதான் ஃபார்மட் ஆன டிஸ்க்ல இருந்தும் சில சமயம் ஃபைல்களை மீட்க முடியுது. அதே காரணத்தால, அந்த டிஸ்க்ல புதுசா எதையாவது எழுதிட்டா பழசு நிஜமாவே அழிஞ்சிடும்.

அந்த 4 ஜிபி கணக்கு

ஃபேட்32 என்பது 1996-ல் விண்டோஸ் 95-ன் ஒரு பதிப்போடு வந்தது. அந்தப் பதிவேட்டுல ஒரு ஃபைலின் அளவை எழுத 32 பிட் இடம்தான் ஒதுக்கியிருக்காங்க. 32 பிட்ல எழுதக்கூடிய மிகப்பெரிய எண் 429,49,67,295. அதாவது 4 ஜிபிக்கு ஒரு பைட் கம்மி. அதுக்கு மேல எழுதக் கட்டம் பத்தாது. டிஸ்க்ல எவ்வளவு காலி இருந்தாலும் சரி, ஒரு தனி ஃபைல் அந்த எண்ணைத் தாண்டக் கூடாது. நிறைய கேமராக்கள் நீளமான வீடியோவை 4 ஜிபிக்கு ஒரு துண்டாப் பிரிச்சு வைக்கிறதும் இதனாலதான்.

இன்னொரு குறையும் இருக்கு. ஃபேட்32-க்கு நாட்குறிப்பு கிடையாது. என்டிஎஃப்எஸ் (1993-ல் விண்டோஸ் என்டி-யோடு வந்தது) ஒரு மாற்றம் செய்யறதுக்கு முன்னாடி "இப்போ இதைச் செய்யப் போறேன்" என்று தனியா ஒரு குறிப்பு எழுதி வெச்சுக்கும். இதுக்கு ஜர்னலிங் என்று பேர். பாதியில கரண்ட் போனா, அந்தக் குறிப்பைப் பார்த்துப் பதிவேட்டைச் சரி பண்ணிக்கும். ஆனா ஜர்னலிங் காப்பாத்துறது பதிவேட்டைத்தான். அந்த நேரத்துல பாதி எழுதப்பட்ட உங்க ஃபைலுக்கு அது கேரண்டி தராது.

எதுக்கு எது?

மாத்தறதுக்கு முன்னாடி "மாத்தியே ஆகணுமா?" என்று கேட்டுக்கோங்க.

- விண்டோஸில் மட்டும் பயன்படுத்துற டிஸ்க்: என்டிஎஃப்எஸ்.
- விண்டோஸ், மேக் ரெண்டுக்கும் போகிற டிஸ்க் அல்லது பெரிய பென்டிரைவ்: எக்ஸ்ஃபேட். மேக்கில் என்டிஎஃப்எஸ் டிஸ்க்கைப் படிக்கலாம், அதுவாக எழுத விடாது. எக்ஸ்ஃபேட்டை லினக்ஸும் 2019-ல் வந்த 5.4 கெர்னல்ல இருந்து தன்னோடவே சேர்த்துக்கிச்சு. ஆனா இதுக்கு ஜர்னலிங் இல்ல, அதனால "சேஃப்லி ரிமூவ்" கொடுக்காம பிடுங்காதீங்க.
- கார் ஆடியோ, பழைய டிவி: பெரும்பாலும் ஃபேட்32 கேட்கும். அப்படியே விட்டுடுங்க.
- லினக்ஸ் மட்டும்: இஎக்ஸ்டி4.

எங்க வீட்டு டிஸ்க் ஏன் ஃபேட்32-ல இருந்ததுன்னு அப்புறம்தான் ஞாபகம் வந்தது. அப்பா அதை டிவியில சொருகிப் படம் பார்ப்பார். அந்த டிவிக்கு வேற எதுவும் படிக்கத் தெரியாது. ஆக, நான் செஞ்ச வேலை வெற்றி அடைஞ்சிருந்தாலும் அப்பாகிட்ட திட்டு நிச்சயம்.

கன்வர்ட் கமாண்ட் உள்ளே என்ன செய்யுது?

விண்டோஸோடவே வர்ற கன்வர்ட் கமாண்ட் ஃபைல்களை இடம் மாத்தாம பதிவேட்டை மட்டும் மாத்தி எழுதுது. டிஸ்க்ல காலியா இருக்கிற இடத்துல என்டிஎஃப்எஸ் பதிவேட்டை உருவாக்கும். ஒவ்வொரு ஃபைலும் எங்க இருக்குன்னு பழைய பதிவேட்டைப் பார்த்துப் புதுசுல எழுதும். எல்லாம் முடிஞ்ச பிறகு "இனிமே இதுதான் பதிவேடு" என்று டிஸ்க்கின் முதல் பகுதியை மாத்தும். நிலம் அசையாது, ஆபீஸ் மாறும்.

இதுல இருந்து மூணு விஷயம் புரியணும். ஒண்ணு, புதுப் பதிவேட்டுக்குக் காலி இடம் வேணும். ரெண்டு, பழைய பதிவேட்டுல ஏற்கனவே தப்பு இருந்தா அதை வெச்சு எழுதுற புதுசும் நம்ப முடியாது. மூணு, வேலை நடக்கிறப்போ கரண்ட் போனா எந்தப் பதிவேடு செல்லும்னு தெரியாத நிலைமை வரலாம். எனக்கு வந்தது அந்த மூணாவது.

இன்னொண்ணு: இது ஒருவழிப் பாதை. ஃபேட்32-ல இருந்து என்டிஎஃப்எஸ் போகலாம், இதே கமாண்டால திரும்ப வர முடியாது. எக்ஸ்ஃபேட் டிஸ்க்குக்கும் இது வேலை செய்யாது.

சரியான முறை, படிப்படியா

*1. பேக்கப்.* வேற ஒரு டிஸ்க்ல எடுக்கணும். அதே டிஸ்க்ல இன்னொரு பார்ட்டிஷன்ல வெச்சா அது பேக்கப் ஆகாது. ரெண்டாவது டிஸ்க் இல்லையா? டிஸ்க் முழுக்கக் காப்பி பண்ண வேண்டாம், உள்ளே இருக்கிறது எவ்வளவுன்னு பாருங்க. எங்க 1 டிபி டிஸ்க்ல இருந்தது 200 ஜிபி சொச்சம்தான். ஹாஸ்டல்ல யார்கிட்டயாவது ரெண்டு நாளைக்குக் கடன் வாங்கியிருக்கலாம். கட் பண்ணாதீங்க, காப்பி மட்டும் பண்ணுங்க.

*2. பேக்கப்பைச் சோதிங்க.* ரெண்டு பக்கமும் ஃபோல்டரை ரைட் கிளிக் பண்ணி பிராப்பர்ட்டீஸ்ல ஃபைல் எண்ணிக்கை, பைட் எண்ணிக்கை ரெண்டும் ஒண்ணா இருக்கான்னு பாருங்க. பத்துப் பதினைஞ்சு ஃபைலைத் திறந்து பாருங்க. வீடியோவா இருந்தா நடுவுலயும் கடைசியிலயும் ஓட்டிப் பாருங்க. திறந்து பார்க்காத பேக்கப் வெறும் நம்பிக்கைதான்.

*3. டிஸ்க்கோட உடம்பு எப்படி?* கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்கிற இலவச சாஃப்ட்வேர் டிஸ்க்கின் ஸ்மார்ட் தகவலைக் காட்டும். "குட்" என்று நீலத்துல இருந்தா மேலே போகலாம். "காஷன்" என்று மஞ்சள்ல இருந்தாலோ டிஸ்க்ல இருந்து டக் டக் சத்தம் வந்தாலோ கன்வர்ட் வேண்டவே வேண்டாம். முக்கியமானதை முதல்ல வெளியே எடுங்க, புது டிஸ்க் வாங்குங்க.

*4. பழைய பதிவேட்டைச் சரி பாருங்க.* கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டரா திறந்து "செக்டிஸ்க்" ஓட்டணும். இதழ்ல தமிழ் எழுத்துல எழுதறேன், நீங்க ஆங்கிலத்துல அடிச்சுக்கோங்க: சிஎச்கேடிஎஸ்கே, ஒரு ஸ்பேஸ், டிரைவ் எழுத்து, கோலன், ஒரு ஸ்பேஸ், முன்சாய்ந்த கோடு, எஃப். தப்பு இருந்தா சரி பண்ணும். பேக்கப் எடுத்த பிறகுதான் இதை ஓட்டணும், வரிசையை மாத்தாதீங்க.

*5. காலி இடம்.* பத்து, பதினைஞ்சு சதவீதமாவது காலியா வெச்சுக்கிறது நல்லது. பத்தலைன்னா கமாண்டே சொல்லி நிறுத்திடும்.

*6. கரண்ட்.* லேப்டாப்னா பேட்டரி நிஜமா வேலை செய்யணும், ஃபுல் சார்ஜ் இருக்கணும், சார்ஜரும் போட்டிருக்கணும். டெஸ்க்டாப்னா யுபிஎஸ். ஸ்லீப் "நெவர்" என்று மாத்துங்க. யுஎஸ்பி ஹப் வேண்டாம், நேரா போர்ட்ல சொருகுங்க. வயரை யாரும் இடறாத இடத்துல டிஸ்க்கை வைங்க. விண்டோஸ் அப்டேட் ரீஸ்டார்ட் கேட்டுக்கிட்டு இருந்தா அதை முதல்ல முடிச்சிடுங்க.

*7. எந்த டிரைவ்?* டிஸ்க் மேனேஜ்மெண்ட்ல போய் டிரைவ் எழுத்தையும் அளவையும் ஒருமுறைக்கு ரெண்டுமுறை பாருங்க. டிஸ்க்குக்கு ஒரு பேர் வைங்க, உதாரணமா "வீட்டு டிஸ்க்" மாதிரி ஆங்கிலத்துல ஏதாவது.

*8. கமாண்ட்.* கன்வர்ட், ஒரு ஸ்பேஸ், டிரைவ் எழுத்து, கோலன், ஒரு ஸ்பேஸ், முன்சாய்ந்த கோடு, எஃப்எஸ், கோலன், என்டிஎஃப்எஸ். என்டர் தட்டினதும் அந்த டிஸ்க்கோட பேரைக் கேட்கும். பேர் தப்பா இருந்தா நின்னுடும். தப்பான டிரைவை மாத்திடாம இருக்க இதுதான் கடைசி வேலி, அதனாலதான் பேர் வைக்கச் சொன்னேன். அப்புறம் கையைக் கட்டிக்கிட்டு உட்காருங்க. ஃபைல் எண்ணிக்கையைப் பொறுத்து நேரம் எடுக்கும். ஸ்க்ரீன் அசையாம நின்னா ஹேங் ஆயிடுச்சுன்னு ஜன்னலை மூடிடாதீங்க.

*9. முடிஞ்ச பிறகு.* திரும்ப செக்டிஸ்க் ஓட்டுங்க, இந்தத் தடவை எஃப் இல்லாம, பார்க்க மட்டும். ஃபைல்களைத் திறந்து பாருங்க. பேக்கப்பை ரெண்டு வாரமாவது அழிக்காதீங்க.

கன்வர்ட் பாதியில தோத்துட்டா? பேக்கப் கையில இருந்தா அதுல கவலையே இல்ல. டிஸ்க்கை என்டிஎஃப்எஸ்ஸா ஃபார்மட் பண்ணி, பேக்கப்பைத் திரும்பக் காப்பி பண்ணினா முடிஞ்சது.

மத்த மாற்றங்களுக்கு

என்டிஎஃப்எஸ்ல இருந்து எக்ஸ்ஃபேட், எக்ஸ்ஃபேட்ல இருந்து என்டிஎஃப்எஸ், என்டிஎஃப்எஸ்ல இருந்து இஎக்ஸ்டி4. இதுக்கெல்லாம் நேர்வழி ஒண்ணுதான்: காப்பி, ஃபார்மட், திரும்பக் காப்பி. இதுல பலபேர் கவனிக்காத ஒரு இடம் இருக்கு. நீங்க ஃபார்மட் அழுத்தின நொடியில "பேக்கப்" என்று நினைக்கிறது பேக்கப்பா இருக்காது. அதுதான் உலகத்துலயே ஒரே காப்பி. அந்த நேரத்துல கடன் வாங்கின டிஸ்க் கீழே விழுந்தா கதை முடிஞ்சது. அதனால போனால் திரும்ப வராத ஃபோல்டர்களை மட்டுமாவது மூணாவதா ஒரு இடத்துல வைங்க. கூகுள் டிரைவ்ல 15 ஜிபி இலவசம். குடும்பப் போட்டோல முக்கியமானதுக்கு அது தாராளம்.

விலையில்லா மடிக்கணினி இன்னும் வீட்டுல இருக்கிறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2011 செப்டம்பர்ல அரசு தொடங்கின அந்தத் திட்டத்துல எங்க அண்ணனுக்குக் கிடைச்ச லேப்டாப்ல விண்டோஸோட பாஸ் லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக் உருவாக்கின ஆப்பரேட்டிங் சிஸ்டம் அது. ஒரே டிஸ்க்ல ரெண்டு பதிவேட்டு முறை. லினக்ஸ் பார்ட்டிஷனை விண்டோஸால படிக்க முடியாது, அதனால அது என்னமோ வேண்டாத இடம் மாதிரி தெரியும். "இடம் வேஸ்ட்டா கிடக்கே" என்று அதை டெலீட் பண்ணினா, ஆன் ஆகும்போது எந்த சிஸ்டம் வேணும்னு கேட்கிற கிரப் மெனுவோட ஃபைல்களும் சேர்ந்தே போயிடும். அடுத்த தடவை கறுப்பு ஸ்க்ரீன்ல "கிரப் ரெஸ்க்யூ" என்று நிக்கும். விண்டோஸ் பத்திரமாத்தான் இருக்கும், ஆனா உள்ளே போக வழி தெரியாது. படிக்கத் தெரியாத பார்ட்டிஷன் எல்லாம் காலி பார்ட்டிஷன்னு நினைக்காதீங்க.

ஆப்பிள்கூட ஒத்திகை பார்த்தது

2017 மார்ச்சில் ஐஓஎஸ் 10.3 அப்டேட் வந்தப்போ, ஐபோன்களோட ஃபைல் சிஸ்டத்தை எச்எஃப்எஸ் பிளஸ்ல இருந்து ஏபிஎஃப்எஸ்ஸுக்கு ஆப்பிள் மாத்தியது. பெரும்பாலானவங்களுக்கு அப்படி ஒண்ணு நடந்ததே தெரியாது. அது எப்படி சாத்தியமாச்சுன்னு ஆப்பிளின் கிரெய்க் ஃபெடரிகி அந்த வருஷம் ஜூன்ல ஒரு மேடையில சொன்னார். அதுக்கு முந்தைய அப்டேட்களிலேயே போன்கள்ல ஒரு ஒத்திகை நடந்திருக்கு: புதுப் பதிவேட்டை எழுதிப் பார்த்து, சரியா வந்திருக்கான்னு சோதிச்சு, பழைய நிலைக்கே திரும்பியிருக்கு. அதுக்குப் பிறகுதான் நிஜ மாற்றம்.

நீங்களும் ஒத்திகை பாருங்க. வீட்டுல கிடக்கிற பழைய 8 ஜிபி பென்டிரைவை ஃபேட்32-ல ஃபார்மட் பண்ணி, பத்துப் பாட்டு போட்டு, மேலே சொன்ன ஒன்பது படியையும் செஞ்சு பாருங்க. அரை மணி நேர வேலை. அப்புறம் நிஜ டிஸ்க் முன்னாடி உட்காரும்போது கை நடுங்காது.

தப்பா போயிடுச்சுன்னா

டிஸ்க் திறக்கலையா? "ஃபார்மட் பண்ணட்டுமா" பெட்டி வந்தா கேன்சல். டிஸ்க்கைக் கழட்டுங்க. அதுல எதையும் எழுதாதீங்க. செக்டிஸ்க் எஃப் ஓட்டாதீங்க, குழம்பிக் கிடக்கிற பதிவேட்டுல அது மேலும் கிறுக்கிடும். மீட்கிற சாஃப்ட்வேரை வேற டிஸ்க்ல இன்ஸ்டால் பண்ணி, மீட்ட ஃபைலையும் வேற டிஸ்க்லயே சேமிங்க. டெஸ்ட்டிஸ்க், போட்டோரெக் ரெண்டும் இலவசம், ஓப்பன் சோர்ஸ். டெஸ்ட்டிஸ்க் தொலைஞ்ச பார்ட்டிஷனையும் கெட்டுப்போன பதிவேட்டையும் தேடிச் சரி பண்ணப் பார்க்கும். போட்டோரெக் பதிவேட்டைப் பார்க்கவே பார்க்காது. நிலத்துல நடந்து போய், "இது ஜேபெக் மாதிரி ஆரம்பிக்குது, இது வீடியோ மாதிரி இருக்கு" என்று அடையாளம் பார்த்து எடுக்கும். எஸ்எஸ்டியா இருந்தா இந்த வாய்ப்பு ரொம்பக் குறைவு. ட்ரிம் என்கிற வசதி, காலின்னு குறிக்கப்பட்ட இடத்தை நிஜமாவே சுத்தம் பண்ணிடும்.

இப்போ எங்க டிஸ்க் கதை. நல்லவேளை, ஃபார்மட் அழுத்தல. டிஸ்க்கைக் காலேஜுக்கு எடுத்துட்டு வந்தேன். ஒரு சீனியர் அண்ணன் ராத்திரி முழுக்க போட்டோரெக் ஓட்டினார். போட்டோக்கள் பெரும்பாலும் வந்தது, பேர் இல்லாம வெறும் நம்பரா. எது எந்த வருஷம், எந்த விசேஷம்னு இன்னும் பிரிச்சு முடிக்கல. பெரிய வீடியோக்கள்தான் போச்சு. துண்டு துண்டா கிடந்த ஃபைலைப் பதிவேடு இல்லாம எப்படிச் சேர்க்கிறது?

போனதுல ஒண்ணு அக்காவோட வளைகாப்பு வீடியோ. அதுல எங்க அப்பாயி நலுங்கு வெச்சுக்கிட்டே அக்காவைக் கிண்டல் பண்ணிப் பேசும். அப்பாயி இறந்து அப்போ ஒரு வருஷம்தான் ஆயிருந்தது. அது பேசுற வீடியோ எங்ககிட்ட வேற கிடையாது. அப்பா என்னை ஒரு வார்த்தை திட்டல. அதுதான் இன்னும் கஷ்டமா இருந்தது.

ரெண்டு மாசம் கழிச்சு சிங்கப்பூர்ல இருக்கிற மாமாகிட்ட பேசிக்கிட்டு இருந்தப்போ, வளைகாப்புக்கு வர முடியலைன்னு அக்கா அன்னைக்கே வாட்ஸப்ல ஒரு துண்டு அனுப்பியிருந்தது தெரிஞ்சது. மாமா அழிக்காம வெச்சிருந்தார். 40 செகண்ட். வாட்ஸப் அமுக்கினதுல முகம் மங்கல்தான், ஆனா குரல் தெளிவா இருக்கு. எங்க குடும்பத்துல யாரும் திட்டம் போட்டு எடுக்காத ஒரே பேக்கப் அது.

எங்க ஊர் பேர்ல ஒரு சுண்ணாம்புப் பாறை அடுக்கு இருக்கு. புவியியல்காரங்க "கல்லங்குறிச்சி ஃபார்மேஷன்" என்பாங்க. சுமார் 7 கோடி வருஷத்துக்கு முன்னாடி கடலுக்கு அடியில படிஞ்சது, அப்போ இருந்த சிப்பிகள் இன்னைக்கும் அதுல இருக்கு. ஹார்ட் டிஸ்க்கை நம்பி அப்படி விட முடியாது. அதனால இந்தத் துறையில 3-2-1 என்று ஒரு விதி சொல்வாங்க: மூணு காப்பி, ரெண்டு வேற வேற சாதனம், அதுல ஒண்ணு வீட்டுக்கு வெளியே. அந்த 40 செகண்ட் இப்போ அப்பா போன்ல, புது டிஸ்க்ல, என் கூகுள் டிரைவ்ல இருக்கு. மாமாகிட்டயும் இருக்கு.

இந்த வாரக் கடைசியில ஊருக்குப் போறீங்களா? கன்வர்ட் எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம். முதல்ல வீட்டு பீரோவுல இருக்கிற டிஸ்க்கை எடுத்து, உங்க வீட்டுப் பெரியவங்க பேசுற வீடியோ எதுன்னு தேடி, அதை மட்டும் இன்னொரு இடத்துல காப்பி பண்ணி வெச்சுட்டு வாங்க.

சந்தேகம் இருந்தா ஹாஸ்டல்ல வந்து கேளுங்க. 8 ஜிபி பென்டிரைவும் கொண்டு வாங்க, சேர்ந்தே ஒத்திகை பார்ப்போம்.